பெயின்ட்டுக்கு அடியில் பழைய ப்ராக்கெட்: என் அரை மாதச் சம்பளம் போன கதை

இன்று காலை அப்பா வண்டியின் பின்பக்கமாக ஏறப் படியில் கால் வைத்தார். படி இடப்பக்கம் மடங்கி, முழங்கால் நேராக பம்பர் முனையில் போய் இடித்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் அந்தப் படிக்கு அரை மாதச் சம்பளத்தைக் கொட்டிக் கொடுத்தேன்.

கல்மேட்டிலிருந்து ரிவர்ஸில் இறங்கும்போது பின்படி பாறையில் தட்டி, படியைத் தாங்கும் இடப்பக்க ப்ராக்கெட் மேல்நோக்கி வளைந்துவிட்டது. அது என் தவறுதான். ஆஃப் ரோடு வண்டிகள் மட்டுமே பார்ப்பதாகச் சொல்லும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம்.

அந்த ஆளைப் பார்த்தால் யாரும் நம்பியிருப்பார்கள். வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்தார், டார்ச் அடித்தார், சேஸிஸைக் குறுக்கும் மறுக்குமாக டேப் வைத்து அளந்தார். இரண்டு அளவும் ஒன்றுதானா என்று என்னையே பார்க்கச் சொன்னார். “சேஸிஸுக்கு ஒண்ணும் ஆகல சார். ப்ராக்கெட்டை நிமிர்த்தினா நிக்காது, புதுசு போட்டுடலாம். போல்ட்டும் பலமான 10.9 கிரேடு போட்டுத் தரேன்” என்றார். நிமிர்த்த வேண்டாம் என்று தானே சொல்கிறவரை எப்படிச் சந்தேகப்படுவது? முழுப் பணத்தையும் அங்கேயே கொடுத்தேன்.

வண்டி திரும்ப வந்தபோது படியில் பளபளவென்று கறுப்பு பெயின்ட். இன்று சாவியால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் நீலமும் பழுப்புமாகச் சுட்ட இரும்பு. கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, சுத்தியலால் அடித்து நிமிர்த்தி, விரிசலில் வெல்டிங் வைத்து மேலே பூசியிருக்கிறார்கள். அந்த வெல்டிங் ஓரமாகவே மறுபடி பிளந்திருக்கிறது. பழைய ப்ராக்கெட்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்: எப்போதோ டோ கொக்கி பட்டு விழுந்த பிறை வடிவத் தழும்பு அப்படியே இருக்கிறது! போல்ட் தலையில் 8.8, அவர் சொன்ன 10.9-ஐ விடப் பலம் குறைந்தது. ப்ராக்கெட் மாட்டும் கிராஸ் மெம்பர், அதாவது சேஸிஸின் குறுக்குச் சட்டம், உள்ளே காலியான பெட்டி; அது நசுங்காமல் இருக்க போல்ட்டைச் சுற்றி உள்ளே இருக்க வேண்டிய குழாயையும் காணோம். முறுக்க முறுக்கத் தகடு உள்வாங்கியிருக்கிறது.

போன் செய்தேன். முதலில், “ஓனர் வெளியே போயிருக்கார்.” அப்புறம், “திரும்பப் பாறையில விட்டிருப்பீங்க சார்.” தழும்பைப் படம் எடுத்து அனுப்பினேன், பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. நேரில் போனால் அதே ஆள், அதே சிரிப்பு: “வெல்டிங்குக்கு கேரண்டி கிடையாதே சார்.” வெல்டிங்கே வேண்டாம் என்றுதானே ஐயா அரை மாதச் சம்பளம் வாங்கினீர்கள்? பில்லை எடுத்துப் பார்த்தால் ‘ஸ்டெப் வேலை’ என்று இரண்டே சொல்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். பெயின்ட் அடிக்கும் முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். போல்ட் தலையில் உள்ள எண்ணைப் படியுங்கள். பில்லில் ‘புது ப்ராக்கெட்’ என்று எழுதாமல் காசு கொடுக்காதீர்கள், என்னை மாதிரி அரை மாதச் சம்பளத்தை முன்கூட்டி நீட்டாதீர்கள். அப்புறம், வெல்டிங் வைத்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் டீசல் டேங்க். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையாவது கழற்றினார்களா, யார் கண்டது.

படியைக் கழற்றிப் பின்சீட்டுக்கு அடியில் போட்டிருக்கிறேன். அப்பா இனிமேல் பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்துத்தான் ஏறுவாராம்.