அராய் ஹெல்மெட்: சில ஆண்டுப் பயன்பாடும் ஒரு குடும்பத்தின் பிடிவாதமும்

ஜப்பானிய நிறுவனமான அராய் செய்யும் ஆர்எக்ஸ்-7எக்ஸ் ஹெல்மெட்டைச் சில ஆண்டுகளாக அணிந்து பைக் ஓட்டுகிறேன். தினமும் ஜப்பானின் சைதாமா நகர நெரிசல், விடுமுறை நாட்களில் சிச்சிபு மலைச்சாலைகள். வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். உள்ளே இறக்கிவிடும் கறுப்புக் கண்ணாடி இதில் கிடையாது. தாடையோடு மேலே தூக்கும் வகையையும் இவர்கள் செய்வதில்லை. இதைவிட விலை குறைந்த ஹெல்மெட்டுகளிலேயே கறுப்புக் கண்ணாடி இருக்கிறதே, இவர்களுக்கு என்ன பிடிவாதம் என்று கேட்கலாம். அந்தப் பிடிவாதத்துக்காகத்தான் நான் இதை வாங்கினேன்.

அராய் குடும்பத்தின் பழைய தொழில் தொப்பி. ஹிரோதகே அராய் தொப்பி செய்துவந்தவர். பைக் ஓட்டுவதில் தீராத ஆசை கொண்டவர். ஓடும் பைக்கின் இருக்கையில் எழுந்து நிற்கும் அவருடைய பழைய புகைப்படம் ஒன்று உண்டு. போருக்குப் பிறகு, 1950களின் தொடக்கத்தில், ஜப்பானில் பைக் ஓட்டுபவர்களுக்கென்று தனி ஹெல்மெட் கடைகளில் இல்லாத காலத்தில், தனக்கும் நண்பர்களுக்கும் வேண்டியதைத் தானே செய்யத் தொடங்கினார். அவருக்குப் பின் மகன் மிச்சியோ, இப்போது பேரன் அகிஹிதோ. நிறுவனம் இன்றும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. தலைமையகம் சைதாமாவின் ஓமியாவில்.

மூன்று தலைமுறையும் விடாமல் பிடித்துக்கொண்ட எண்ணம் ஒன்று உண்டு. சோதனைக்கூடத்தில் ஹெல்மெட்டை மோதவிடும் வேகம் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஐரோப்பியத் தரத்தின் முக்கியச் சோதனையில் வினாடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர். சாலையில் நாம் போகும் வேகம் எங்கே, இது எங்கே! உள்ளிருக்கும் தெர்மோகோல் நசுங்கி வாங்கிக்கொள்ளும் அடிக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்கு மேற்பட்டதை வழுக்கித் தள்ளிவிட வேண்டும் என்பதே அராயின் வாதம். அதனால் ஹெல்மெட்டின் வெளி ஓடு உருண்டையாக, வழவழப்பாக இருக்கவேண்டும். எந்த இடத்திலும் வளைவின் ஆரம் 75 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது அவர்களின் சொந்த விதி. காற்றுத் துளைகளின் மூடிகள்கூட அடிபட்டால் உடைந்து விழும்படிதான் பொருத்தப்பட்டிருக்கின்றன. கறுப்புக் கண்ணாடியை உள்ளே வைக்க இடம் வேண்டுமென்றால், ஒன்று தெர்மோகோலைக் குடைய வேண்டும், இல்லையென்றால் வெளி ஓட்டைப் புடைக்கச் செய்ய வேண்டும். இரண்டுக்கும் அவர்கள் தயாரில்லை. வெயிலுக்கு வைசர் (முகத்தை மூடும் கண்ணாடி) மேல் வெளியே பொருத்தும் ஒரு நிழல் தகட்டை விற்கிறார்கள்.

2015இல் வந்த இந்த மாடலில் வைசர் திரும்பும் அச்சையே முந்தைய மாடலைவிட 24 மில்லிமீட்டர் கீழே இறக்கினார்கள். நெற்றிப்பொட்டுப் பக்கம் வழவழப்பான பரப்பு கூடவேண்டும் என்பதற்காக. இந்த வேலைக்கு நாம் கொடுக்கும் விலை வைசர் மாற்றும்போது தெரிகிறது. பக்க மூடியைக் கழற்றி, வைசரை எடுத்து, திரும்ப மாட்டுவதற்குள் பொறுமை போய்விடும். பழகிய பிறகு எளிதுதான், ஆனால் மற்ற நிறுவனங்களின் வசதி இதில் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அணியும்போது கழுத்துப்பக்கம் இறுக்கம். காதைத் தேய்த்துக்கொண்டுதான் உள்ளே போகும். போட்ட பிறகு அந்த இறுக்கம் எங்கே போனதென்றே தெரியாது. கடைக்காரர் தலையை அளந்து, கன்னப் பேட்களை மாற்றிப் பார்த்து, அதன் மேலிருந்த 5 மில்லிமீட்டர் பஞ்சு அடுக்கை உரித்து எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து வலி வந்ததே இல்லை. எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். அப்படியும் மலைச்சாலையில் நாள் முழுக்க ஓட்டினாலும் கழுத்து சோர்வதில்லை, எடை சமமாகப் பரவியிருப்பதால் என்று நினைக்கிறேன்.

சைதாமா கோடையில் வியர்வை கொட்டும். நெடுஞ்சாலையில் நெற்றிக் காற்றுத் துளைகள் நன்றாக வேலை செய்கின்றன. சிக்னலில் நின்றால் எந்த ஹெல்மெட்டும் அடுப்புதான். உள்துணியைக் கழற்றித் துவைக்கலாம், நான் துவைத்துத் துவைத்தும் நூல் பிரியவில்லை. மழையில், வைசரின் உள்பக்கம் ஒட்டும் பின்லாக் தகடு இருந்தால் மூச்சின் ஆவி படிவதில்லை. சத்தம் மட்டும் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். வேகம் கூடினால் காதடைப்பான் இல்லாமல் முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது கன்னப் பேட்களின் அடியில் இருக்கும் சின்னப் பட்டைகள். விபத்து நடந்தால் உதவிக்கு வருபவர் அவற்றை இழுத்துப் பேட்களை வெளியே எடுத்துவிடலாம். அதன்பின் கழுத்தை அதிகம் அசைக்காமல் ஹெல்மெட்டைக் கழற்றலாம். யாரும் விளம்பரத்தில் பார்த்து மயங்கும் அம்சமில்லை. அதைப் பற்றி யோசித்தவர் தானும் பைக் ஓட்டுபவராகத்தான் இருக்கவேண்டும்.

விலை அதிகம், அதில் சந்தேகமில்லை. வெளி ஓட்டைச் செய்வது கைவேலை. அச்சில் கிளாஸ் ஃபைபர் அடுக்குகளை வைப்பதும், ஒவ்வொரு ஓட்டின் எடையையும் தடிமனையும் சரிபார்ப்பதும் மனிதர்கள். பந்தயத்தில் மிக் டூஹன், நிக்கி ஹேடன் போன்ற உலகச் சாம்பியன்கள் அணிந்ததும் இதே பெயர் கொண்ட ஹெல்மெட்டுகளைத்தான்.

ஒரு விஷயம். ஜப்பானில் எஸ்ஜி என்ற பாதுகாப்பு முத்திரையின் இழப்பீட்டு உத்தரவாதம் வாங்கியதிலிருந்து 3 ஆண்டுகளுக்குத்தான். பயன்படுத்தத் தொடங்கி 5 ஆண்டு, தயாரித்த நாளிலிருந்து 7 ஆண்டு, இதில் எது முந்தியதோ அப்போது மாற்றிவிடச் சொல்கிறது அராய். என்னுடையது அந்த எல்லையை நெருங்குகிறது. வெளியே பார்த்தால் புதிது போலத்தான் இருக்கிறது, இருந்தாலும் மாற்றத்தான் போகிறேன். நீங்களும் வாங்குவதாக இருந்தால் இணையத்தில் அளவு பார்த்து வாங்காதீர்கள். தலையை அளந்து பேட் மாற்றித் தரும் கடைக்கு நேரில் போங்கள். அரைமணி நேரம் போட்டபடி கடைக்குள்ளேயே நடந்து பாருங்கள். எங்கேயாவது அழுத்தினால் அங்கேயே சொல்லுங்கள், சரிசெய்து தருவார்கள்.