99 நாள் அப்பாவா, 30 வருஷ மகனா?

ஜெர்மனியில 1888ல மட்டும் மூணு பேரரசர்ங்க. தாத்தா முதலாம் வில்ஹெல்ம் மார்ச் 9 அன்னைக்கு போனார், மகன் மூன்றாம் ஃபிரெடெரிக் வந்தார், ஜூன் 15 அன்னைக்கு அவரும் போயிட்டார், அப்புறம் பேரன் இரண்டாம் வில்ஹெல்ம். இதுல அப்பா, மகன் ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சு பாத்தா செம காம்பினேஷன்.

ஃபிரெடெரிக் பட்டத்துக்கு வரும்போதே தொண்டைல கேன்சர், மூச்சுக்காக கழுத்துல ஓட்டை போட்டு குழாய் சொருகியாச்சு, பேச்சே வராது, சொல்ல வேண்டியதை துண்டு சீட்டுல எழுதி நீட்டுவார். பாவம்யா. விக்டோரியா மகாராணியோட மூத்த பொண்ணுதான் மனைவி, பிரிட்டன் மாதிரி பார்லிமென்ட் ஆட்சி மேல ரெண்டு பேருக்கும் ஆசை. ஆனா நடந்ததுன்னு பாத்தா, பழமைவாதி உள்துறை மந்திரி புட்காமரை வெளிய அனுப்பினது ஒண்ணுதான் பெருசு. ஆட்சிய கையில வெச்சிருந்த சான்சலர் (பிரதமர் மாதிரி) பிஸ்மார்க்க தொடக்கூட முடியல.

மகனுக்கு வாய்க்கு குறைச்சலே இல்ல. அப்பா கண்ணை மூடின உடனே பட்டாளத்தை விட்டு அரண்மனைய சுத்தி வளைச்சு அப்பாவோட சொந்த கடிதம், காகிதங்களை தேடச் சொன்ன ஆளு. 1890ல பிஸ்மார்க்கையே வீட்டுக்கு அனுப்பிட்டார், அப்புறம் கடற்படைய பெருசாக்கினது, முதல் உலகப்போர், 1918ல நெதர்லாந்துக்கு ஓட்டம்.

அப்பா இருந்திருந்தா போரே வந்திருக்காதுன்னு பலர் சொல்றாங்க. எனக்கு அதுல டவுட்டு, ஏன்னா அவரும் 1866லயும் 1870லயும் படை நடத்தி ஜெயிச்ச ஆளுதான்.