கத்திரி வெயிலுக்குக் கெட்டி ஆயிலா? 0-20, 5-30, 15-40, 20-50 ஓர் ஒப்பீடு

சென்னை ஜி.பி. ரோட்டில் இன்ஜின் ஆயில் வாங்கப் போனால் கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்பார். என்ன வண்டி? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு? முதல் பதிலைக் கேட்டதும் ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைப்பார். இரண்டாவது பதில் ‘எழுபதாயிரம்’ என்று வந்தால், வைத்த டப்பாவைத் திரும்ப எடுத்துவிட்டு அதைவிடக் கெட்டியான ஒன்றை வைப்பார். “நம்ம ஊர் சூட்டுக்கு இதுதான் சார் நிக்கும்.”

இதே வாக்கியத்தை வேளச்சேரிப் பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட்டிலும் கேட்டேன். என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். மேனுவலில் 0டபிள்யூ-20 என்று தெளிவாக இருந்தது. “அண்ணா, மேனுவல்ல வேற போட்டிருக்கே” என்றேன். “அது தண்ணி மாதிரி இருக்கும் சார், மே மாசம் தாங்காது” என்று சொல்லி 20டபிள்யூ-50 ஊற்றினார். மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் பானட்டுக்கு அடியிலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று தையல் மெஷின் சத்தம். நாலைந்து விநாடியில் அடங்கியது. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. இரண்டாவது கியரில் வேகம் எடுப்பதிலும் ஒரு தயக்கம். லிட்டருக்கு 14 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 13-க்கு இறங்கியது. 600 கிலோமீட்டரிலேயே ஆயிலை வடித்துவிட்டு 0-20 ஊற்றினேன். சத்தம் அன்றைக்கே போய்விட்டது. அதற்கப்புறம்தான் இந்த எண்களைப் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

(மெக்கானிக்குகள் ‘ஃபைவ் தர்ட்டி’, ‘ட்வென்டி ஃபிஃப்டி’ என்று சொல்வதுபோல நானும் நடுவிலுள்ள டபிள்யூவை விட்டுவிட்டு 5-30, 20-50 என்றே எழுதுகிறேன்.)

முதலில் அந்த இரண்டு எண்கள் எதைச் சொல்கின்றன என்று பார்த்துவிடலாம். அடுப்பில் கொதிக்கும் வெல்லப்பாகு கரண்டியிலிருந்து சரசரவென்று வழியும். இறக்கி ஆறவிட்டால் அதே பாகு கரண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆயிலும் சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். பாடப்புத்தகத்தில் இதற்குப் பாகுநிலை என்று பெயர், பொருத்தமான பெயர்தான். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இறுகும் என்பதற்கு. டபிள்யூ என்றால் வின்டர். பின்னால் இருக்கும் எண், இன்ஜின் சூடேறிய பிறகு, அதாவது 100 டிகிரி செல்சியஸில், ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு.

முதல் எண்ணுக்கான சோதனை நம் ஊருக்குச் சம்பந்தமே இல்லாதது. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியில் சோதிப்பார்கள், 5டபிள்யூவை மைனஸ் 30-இல், 20டபிள்யூவை மைனஸ் 15-இல். சென்னையில் மார்கழி விடியலில்கூட 17, 18-க்குக் கீழே போவது அபூர்வம். அதனால் ‘முதல் எண்ணை விடுங்க, இரண்டாவதை மட்டும் பாருங்க’ என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரி. மைனஸ் 35 நமக்கு வேண்டாம், ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும் அந்த நிமிஷம் நமக்கும் உண்டு.

ஆயில் கம்பெனிகளின் தகவல் தாளில் 40 டிகிரியிலும் 100 டிகிரியிலும் பாகுநிலையைப் போட்டிருப்பார்கள். 40 என்பது ஏறக்குறைய மே மாத மதியம் இரண்டு மணிக்கு சென்னை வெயில்தான். அந்தச் சூட்டில் ஒரு 0-20 ஆயில் சுமார் 45 செண்டிஸ்டோக்ஸ் (பாகுநிலையை அளக்கும் அலகு) இருக்கும். 5-30 என்றால் 60-ஐ ஒட்டி, 15-40 என்றால் 110 பக்கம், 20-50 என்றால் 160-க்கு மேல். பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும். 100 டிகிரிக்கு வந்தால் எல்லாம் இளகி நெருங்கிவிடுகின்றன. இந்த எண்களை வகுக்கும் எஸ்ஏஇ அமைப்பின் வரையறைப்படி இரண்டாவது எண் 20 என்றால் 6.9 முதல் 9.3 வரை, 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 என்றால் 16.3 வரை, 50 என்றால் 21.9 வரை.

இந்த எண்களை ஒரு நிமிஷம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 20 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை 1. ‘தண்ணி மாதிரி’ என்று பெயர் வாங்கிய 0-20, நன்றாகச் சூடேறிய பிறகும் தண்ணீரைப்போல எட்டு மடங்கு கெட்டி. அக்னி நட்சத்திரத்து மதியத்தில், இன்ஜின் இன்னும் சூடேறாத நிலையில், அதுவே 45. அதாவது சென்னையின் உச்ச வெயிலில்கூட, ஸ்டார்ட் செய்யும்போது எந்த ஆயிலும் தேவைக்கு அதிகமான கெட்டியாகத்தான் இருக்கிறது, நீர்த்துப்போய் இல்லை. 20-50 அந்த நேரத்தில் 0-20-ஐப்போல மூன்றரை மடங்கு கெட்டி. சன்னமான துளைகள் வழியாக மேலே வால்வு பக்கம் போய்ச்சேர அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரம்தான் நான் காலையில் கேட்ட ‘டிக் டிக்’.

அப்படியானால் ‘ஊர் சூடு’ என்ற வாதம்? இன்ஜின் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் கூலன்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை, 90 டிகிரியை ஒட்டிப் பிடித்து வைக்கின்றன, வெளியே ஊட்டியின் 12 டிகிரியாக இருந்தாலும் சென்னையின் 42 டிகிரியாக இருந்தாலும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அன்றைக்கு ஓடிய கார்களிலும் கூலன்ட் அந்த 90 பக்கம்தான் இருந்திருக்கும். ஆயிலின் சூட்டை ஏற்றுவது வெயிலைவிட பாரமும் வேகமும். ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி முழுசு, ஜி.எஸ்.டி. ரோட்டில் திருச்சி வரை 110-இல் மிதித்துக்கொண்டே போவது: இதில்தான் ஆயில் கூலன்டைத் தாண்டிச் சூடேறும். கத்திப்பாரா நெரிசலில் ஊர்வதில் அவ்வளவு ஏறாது.

நெரிசலுக்கென்று வேறொரு சிக்கல் இருக்கிறது, கெட்டி ஆயில்காரர்கள் சொல்வதில் உண்மை இருப்பதும் அந்த இடத்தில்தான். மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் நிமிஷத்துக்கு 750 சுற்றில் ஓடும். ஆயில் பம்ப்பும் அந்த அளவுக்கு மெதுவாகத்தான் சுற்றும். ஆயிலோ சூடு. ஆக பிரஷர் மிகக் குறைவாக இருப்பது அப்போதுதான். பேரிங் தேய்ந்து இடைவெளி கூடிப்போன பழைய இன்ஜினில் நீர்த்த ஆயில் ஓரமாக வழிந்துவிடும், டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கும். புது இன்ஜினில் அந்த இடைவெளியே மயிரிழை. அங்கே 20 போதும், அதற்கென்றே செதுக்கியிருக்கிறார்கள்.

சரி, இனி எதற்கு எதிராக எது என்று பார்க்கலாம்.

அதிகம் பேர் குழம்புவது 0-20-க்கும் 5-30-க்கும் நடுவில். இன்றைய ஜப்பானிய பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றுக்கு 0-20தான், சிலவற்றுக்கு 0-16கூட உண்டு. இவற்றில் வால்வு டைமிங்கை மாற்றும் கருவி ஆயில் பிரஷரால் இயங்குகிறது. டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் பெரும்பாலும் அப்படியே. ஆயில் இவற்றுக்கு வெறும் வழுக்கல் பொருள் இல்லை, ஹைட்ராலிக் திரவமும் அதுதான். என் வண்டி இரண்டாவது கியரில் தயங்கியதற்கு இதைத்தான் காரணமாக நினைக்கிறேன். இருந்தாலும் 5-30 ஒரு படி மட்டுமே தள்ளி, 20-50 மாதிரி எட்டாத தூரம் இல்லை. எந்த வெப்பநிலைக்கு எந்த ஆயில் என்று காட்டும் மேனுவலின் கட்டத்தில் இரண்டுமே இருந்தால், வீடு, ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு 0-20-ஐச் சொல்வேன். மாதம் இரண்டு முறை மதுரைக்கும் கோவைக்கும் விரட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு 5-30. கட்டத்தில் 0-20 மட்டும் இருந்தால் பேச்சே இல்லை, அதேதான். வாரன்டி இருக்கும் வண்டி என்றால் கூடுதல் காரணம். மைலேஜில் வித்தியாசம் ஓரிரு சதவீதம், அதற்காக மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொன்று. எல்லா 5-30-உம் ஒன்றில்லை. 150 டிகிரி சூட்டில், பேரிங் அதிவேகத்தில் அரைக்கும்போது, ஆயில் படலம் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று ஓர் அளவு இருக்கிறது, ஹெச்டிஹெச்எஸ் என்பார்கள். 20-க்குக் குறைந்தபட்சம் 2.6, 30-க்கு 2.9. ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் (ஏசிஇஏ) சி3 முத்திரை உள்ள 5-30 என்றால் 3.5-க்குக் குறையக்கூடாது. டப்பாவின் முன்பக்கத்தில் ஒரே எண், உள்ளே இருப்பது வேறு சரக்கு. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா மேனுவல்களில் 502 00, 504 00 என்று கம்பெனியின் அங்கீகார எண் கூடவே இருக்கும். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்கள் அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் ஏபிஐ எஸ்பி முத்திரையையும் பார்க்க வேண்டும். தாழ்ந்த சுற்றில் அழுத்தி மிதிக்கும்போது எரிபொருள் முன்கூட்டியே வெடிப்பதை ஆயில் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை அந்தத் தரத்தில் சேர்ந்திருக்கிறது.

டீசலில் 5-30-ஐ 15-40-ஓடு ஒப்பிடுவதற்கு முன்னால், வண்டி 2020 ஏப்ரலுக்கு முன்னா பின்னா என்று கேட்க வேண்டும். அந்த ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் பெரும்பாலான டீசல் கார்களுக்கு வந்தது அதற்கப்புறம்தான். லாரிக்கு ஊற்றும் பேரல் 15-40 நல்ல ஆயில்தான், ஆனால் பழைய வகைகளில் சாம்பல் தரும் ரசாயனம் அதிகம். அந்தச் சாம்பல் ஃபில்டரில் போய் உட்கார்ந்தால் எரித்து வெளியேற்ற முடியாது. இங்கே எண்ணைவிட முக்கியம் ‘லோ சாப்ஸ்’ என்னும் சாம்பல் குறைந்த வகை, சி2 அல்லது சி3. டிபிஎஃப் இல்லாத பழைய டீசலுக்கு, மேனுவல் இடம் கொடுத்தால், 15-40 விலைக்கும் வேலைக்கும் கட்டுப்படியாகிற ஆயில். பிஎஸ்6 டீசலை தினமும் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்கள் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை மாதம் ஒருமுறையாவது இழுத்துப் பாருங்கள். கரியை எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் மட்டம் குறையாமல் ஏறியிருந்தால் அதுதான் அறிகுறி. அப்போது எந்த எண் ஊற்றியிருந்தாலும் அது நீர்த்துப்போன ஆயில்.

20-40-உம் 20-50-உம் அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்து இன்ஜின்களுக்குப் பொருத்தம். இன்றைய இன்ஜினில் ஊற்றினால் சத்தம் குறைந்து ‘ஸ்மூத்’ ஆனதுபோலத் தோன்றலாம், கெட்டிப் படலம் சத்தத்தை அமுக்கும். காலையில் பம்ப் தள்ள முடியாத ஆயில் பிரஷர் வால்வு வழியாகச் சம்ப்புக்கே, அதாவது அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கே, திரும்பிவிடுவது நம் காதுக்குக் கேட்காது.

எண்ணைச் சரியாக எடுத்துவிட்டு, ஆயில் மாற்ற வேண்டிய நாளைக் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. பத்தாயிரம் கிலோமீட்டர் என்று மேனுவல் சொல்லும். நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் சராசரியில் போனால் அது 167 மணி நேர ஓட்டம். ஓ.எம்.ஆர். நெரிசலில் 20 சராசரி என்றால் 500 மணி நேரம். மீட்டரில் ஒரே தூரம், ஆயிலுக்கு மூன்று மடங்கு உழைப்பு. மேனுவலிலேயே ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். நின்று நின்று போகும் ஓட்டம், குறுந்தூரம், தூசி என்று சென்னையின் விலாசத்தை எழுதி வைத்ததுபோல இருக்கும். நான் ஏழாயிரத்தில் மாற்றிவிடுகிறேன். மாற்றும்போது பக்கத்தில் நின்று, மூடியின் சீலை என் கண்ணெதிரே உடைக்கச் சொல்வேன், காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். நல்ல டப்பா காலியாக வெளியே போனால் அதில் என்ன நிரம்பித் திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது.

கடைசியாக மாமாவின் வண்டி. 2004-இல் வாங்கிய சின்ன ஹேட்ச்பேக், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஓடியிருக்கிறது. அசோக் பில்லர் சிக்னலில் நின்றால் ஆயில் விளக்கு மினுக்கும். “மாப்பிள்ளை, இதுக்கும் உங்க தண்ணி ஆயில்தானா?” என்றார். இல்லை. முதலில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொன்னேன், விளக்கின் சென்சாரே பழுதாக இருந்தால் ஆயிலை மாற்றி என்ன பயன்? சென்சார் நன்றாக இருந்தது, சூடான பிறகு, வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது (ஐடிலில்), பிரஷர்தான் குறைவு. அந்த மேனுவலின் கட்டத்தில் 5-30 முதல் 20-50 வரை எல்லாமே இருக்கிறது. ஊற்றிக்கொண்டிருந்தது 5-30. நான் 15-40 சொன்னேன், 20-50 வரை போகவில்லை. விளக்கு இப்போது மினுக்குவதில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் டாப்-அப் கேட்டது, இப்போது ஆயிரத்தைந்நூறு தாங்குகிறது. காலையில் சைலன்சரில் வரும் நீலப் புகை மட்டும் அப்படியே இருக்கிறது, அது பிஸ்டன் ரிங் தேய்மானம். பொங்கல் முடிந்ததும் இன்ஜினைப் பிரிக்கிறார்கள்.