‘பிங்க் கொங்கோ’ செடி வாங்குவோர் கவனத்திற்கு: நிறம் மாறுவதற்குக் காரணம் மலைநாட்டுக் குளிர் அல்ல

வீட்டுக்குள் வளர்ப்பதற்கென்று ‘பிங்க் கொங்கோ’ என்ற பெயரில் விற்கப்படும் இளஞ்சிவப்புப் பிலோடென்ட்ரன் செடியை, அதன் நிறம் நிலைத்திருக்கும் என்ற வாக்கை நம்பி யாரும் வாங்க வேண்டாம். முகநூல் வழியாகச் செடிகள் விற்கும் ஒருவர், ஹட்டனிலுள்ள எங்கள் வீட்டுக்கு இதனை 6,500 ரூபாவுக்குக் கூரியரில் அனுப்பிவைத்தார். ‘நிரந்தர நிறம், குளிர்ப் பிரதேசத்துக்கும் உகந்தது’ என்று அவருடைய விளம்பரம் கூறியது. பொதியைப் பிரித்தபோது குறை சொல்ல எதுவுமில்லை. அடியில் சில பச்சை இலைகளும் அவற்றுக்கு மேலே முழுக்க முழுக்க இளஞ்சிவப்பான இலைகளுமாகச் செடி அழகாகவே இருந்தது.

அதன்பின் விரிந்த இலைகள் எல்லாமே பச்சை. சில வாரங்களில் பழைய சிவப்பு இலைகளிலும் பச்சை ஏறத் தொடங்கியது. விற்றவரிடம் கேட்டபோது, “அக்கா, உங்கட பக்கம் குளிர் கூடத்தானே, வெயில் வந்தா நிறம் திரும்பிடும்” என்றார். சிறிது காலம் கழித்து மீண்டும் கேட்டதற்கு, நிறத்தைக் கூட்டும் என்று சொல்லி, என்ன கலந்திருக்கிறது என்ற விபரமே இல்லாத ஒரு திரவ உரப் போத்தலை மேலும் 1,200 ரூபாவுக்கு விற்றார். போத்தல் முடிந்தது, நிறம் வரவில்லை.

குளிரின் மேல் பழியைப் போடுவது சாமர்த்தியமான பதில். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் பனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு வெப்பமண்டலச் செடி இங்கே கெட்டுப்போனது என்றால் சந்தேகமே எழாது. பிலோடென்ட்ரன் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் காடுகளைச் சேர்ந்தது என்பதும், இரவு வெப்பநிலை 12, 13 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது வாடும் என்பதும் உண்மைதான். ஆனால் குளிர் தாக்கிய இலையில் நீர் கோத்தது போன்ற கரும் திட்டுக்கள் தோன்றும், ஓரம் பழுப்பாகும், காம்பு தொய்ந்துவிடும். இளஞ்சிவப்பு இலையைப் பளபளப்பான, ஆரோக்கியமான பச்சை இலையாக மாற்றும் குளிர் எந்த மலையிலும் இல்லை.

உண்மையான காரணம் செடி விற்பனைக்காக வளர்க்கப்பட்ட இடத்திலேயே இருக்கிறது. இந்த இளஞ்சிவப்பு அச்செடியின் பரம்பரைக் குணம் அல்ல. இரசாயனத்தின் துணையோடு, அச்சமயத்தில் விரியும் இலைகளில் பச்சையம் உருவாகாமல் தற்காலிகமாகத் தடுத்து வரவழைக்கப்படுவது. அதன் தாக்கம் தீர்ந்ததும் செடி தன் இயல்பான பச்சைக்குத் திரும்புகிறது. பச்சையம் இல்லாமல் எந்தச் செடியும் தனக்கான உணவைத் தயாரிக்க முடியாது என்பதால், செடியைப் பொறுத்தவரை அது நலம் பெறுவதாகும். எந்த உரத்தாலும் அந்த நிறத்தை மீட்க முடியாது. எங்கள் வீட்டுச் செடி இப்போது நன்றாகத் தழைத்திருக்கிறது. ஆனால் பச்சைப் பிலோடென்ட்ரனை அந்த விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள்.

இளஞ்சிவப்பு கலந்த இன்னொரு பிலோடென்ட்ரனான ‘பிங்க் பிரின்சஸ்’ என்பது வேறு செடி. அதில் நிறம் செடியின் உயிரணுக்களிலேயே இருப்பதால், கரும்பச்சை இலைகளில் இளஞ்சிவப்பு ஒழுங்கற்ற திட்டுக்களாகச் சிதறியிருக்கும், ஓர் இலையைப் போல் மற்றோர் இலை இராது, தண்டிலும் காம்பிலும்கூட அந்த நிறக் கோடுகள் ஓடும். அதற்கும் சன்னலோர வெளிச்சம் போதாவிட்டால் பச்சை இலைகளே அதிகம் வரும். எனவே பணம் அனுப்புவதற்கு முன், கடைசியாக விரிந்த இலையையும் தண்டையும் அருகில் காட்டும் படத்தைக் கேளுங்கள். சிவப்பு இலைகள் அனைத்தும் ஒரே அடுக்கில் இருந்து, நுனி இலை பச்சையாக இருந்தாலோ, நுனியைக் காட்டாமல் படம் வெட்டப்பட்டிருந்தாலோ விலகிவிடுங்கள். நம் குளிருக்கு நிறமுள்ள இலைதான் வேண்டுமென்றால் ரெக்ஸ் பிகோனியா எவ்வளவோ மேல். அதன் நிறம் அதனுடையதே. மூடுபனிக் காலத்தில் இலையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் வெண்பூஞ்சை வருவதும் குறையும்.

இப்படி ஏமாற்றப்பட்டவர்கள், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்துமூலம் முறையிடலாம். அதன் துரித இலக்கம் 1977. ஆனால் பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். ‘வெயில் வரட்டும்’ என்ற பதிலும் அந்தப் போத்தலும் விழுங்கியது இந்த மூன்று மாதத்தைத்தான். என்னிடம் விற்றவர் இப்போது ‘நிரந்தர நிறம்’ என்ற வாசகத்தை மட்டும் நீக்கிவிட்டு, அதே படத்தைப் போட்டு விற்பனையைத் தொடர்கிறார். ஆகவே பணம் செலுத்தும் அன்றே விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, பற்றுச்சீட்டுடன் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.