தபாலில் சிவில் பி.டெக்: 1,85,000 ரூபாயும் போச்சு, லைசென்ஸும் இல்லை

சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு சைட்டில் வேலை பார்ப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். 'வேலையை விடாமல் பி.டெக், கையோடு பிளான் லைசென்ஸ்' (கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போடும் உரிமம்) என்று விளம்பரம் செய்யும் ஒரு கல்வி ஆலோசனை மையம் என்னிடம் 1,85,000 ரூபாயைக் கறந்துவிட்டது. அந்தப் பட்டம் செல்லாது என்று உறுதியாகிவிட்டது. ஏலச்சீட்டு எடுத்துக் கட்டிய பணம். புகார் கொடுக்கப் போவதால் பெயரை இங்கே போடவில்லை.

டிப்ளமோக்காரன் நிலைமை உங்களுக்கே தெரியும். கம்பி கட்டியதைச் சரிபார்ப்பது, லெவல் பார்ப்பது, கான்கிரீட் போடும்போது பலம் சோதிக்க கியூப் எடுப்பது எல்லாம் நாம். வரைபடத்தில் கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. 2019-இல் தமிழ்நாட்டில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் பதிவு பெற்ற பொறியாளர்களுக்கு கிரேடு உண்டு. படிப்பையும் அனுபவத்தையும் வைத்துத்தான் கிரேடு. மேல் கிரேடுக்குப் போக எனக்கு டிகிரி வேண்டியிருந்தது.

மையத்தை நடத்துபவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "உட்காருங்க தம்பி" என்று டீ வரவழைத்தார். எந்த சைட், எத்தனை மாடி, கியூரிங் ஒழுங்காக நடக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு லேமினேட் செய்த ஒரு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "என்னை நம்பாதீங்க தம்பி, உங்க போன்லயே பார்த்துக்கோங்க" என்றார். அங்கேயே பார்த்தேன். பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் பெயர் யு.ஜி.சி. பட்டியலில் இருந்தது. ஏமாற்றுகிறவன் சரிபார்க்கச் சொல்வானா? அந்த நிமிடத்தில்தான் பணம் கட்ட முடிவு செய்தேன்.

அவர் மறைத்தது இதுதான். தொலைநிலையில் கலை, வணிகப் படிப்புகள் நடத்தத்தான் அந்த அனுமதி. பொறியியலைத் தொலைநிலையில் நடத்தவே கூடாது என்பது யு.ஜி.சி. விதி. ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி இல்லாமல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் நடத்திய பொறியியல் படிப்புகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2005-க்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து. இத்தனையும் தெரிந்த மனிதர்தான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கினார்.

மதிப்பெண் பட்டியலில் சர்வே லேபுக்கு 50-க்கு 46 போட்டிருந்தார்கள். லேபே நடக்கவில்லையே என்று கேட்டேன். "உங்க சைட் அனுபவம்தான் தம்பி லேப்" என்றார். பதிவுக்குப் போன அலுவலகத்தில் அந்தப் பட்டியலைப் புரட்டிய அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "ரெகுலரா, கரஸா?" கரஸ், அதாவது தபால்வழி, என்றதும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இன்ஜினியரிங்ல அது செல்லாதுங்க."

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. போன் செய்தால் "சார் அட்மிஷன் வேலையா வெளியூர்ல இருக்காரு" என்று ஒரு பெண் சொல்வார். நேரில் போனால், "அது யுனிவர்சிட்டி பிரச்சனை, நாங்க வழி காட்டுறவங்க மட்டும்தான்" என்கிறார் அதே மனிதர். இந்த முறை 'தம்பி' இல்லை, உட்காரவும் சொல்லவில்லை. ரசீதை எடுத்துக் காட்டினேன். கீழே பொடி எழுத்தில் 'சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று இருப்பதை விரலால் தட்டிக் காட்டினார். 1,85,000 ரூபாய்க்கும் அந்த ஒரு வரிதான் பதில். அதோடு விட்டாரா? இன்னும் 40,000 கொடுத்தால் வேறு மாநிலத்தில் பழைய தேதி போட்டு ரெகுலர் சர்டிபிகேட் வாங்கித் தருகிறாராம். அதை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கட்டுகிற வீட்டில் குடியிருக்கப் போவது யார்? வயிறு எரிகிறது.

லைசென்ஸ் வாங்கித் தருவேன் என்றதும் சுத்தப் பொய். ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதுபோல பொறியாளர்களுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான லைசென்ஸ் சட்டம் இங்கே கிடையாது. உள்ளாட்சி அமைப்பிலோ திட்டக் குழுமத்திலோ நாமே சான்றிதழோடு விண்ணப்பித்துப் பதிவு செய்ய வேண்டியதுதான். அதை ஒரு தனியார் மையம் விற்க முடியாது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனநிலை இல்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும். டிப்ளமோவுக்குப் பிறகு நேர்வழி என்றால் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு. வேலையை விட முடியாதவர்கள் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள் சிலவற்றில் இருக்கும் பகுதிநேர பி.இ.யை விசாரியுங்கள். யு.ஜி.சி. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் கல்லூரியில் அந்தப் படிப்புக்கு அந்த வருடம் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.எம்.ஐ.இ. (இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்தும் தேர்வுத் தகுதி) டிகிரிக்குச் சமம் என்று யாராவது சொன்னால், 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்குத்தான் அந்த அங்கீகாரம். ஒரிஜினல் சான்றிதழ்களை எந்த மையத்திலும் கொடுத்து வைக்காதீர்கள்.

இதே மாதிரி இடத்தில் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் மிச்சத் தவணையை உடனே நிறுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வங்கிப் பரிமாற்ற விவரம் எதையும் அழிக்காதீர்கள். என் 1,85,000 ரூபாய்க்கு இப்போது கையில் இருப்பது அவை மட்டும்தான், அவற்றோடுதான் நாளை காவல் நிலையம் போகிறேன்.