ஒரே டிரைவைப் பிரிப்பதா, லினக்ஸுக்குத் தனி டிரைவ் போடுவதா?

விண்டோஸும் வேண்டும், லினக்ஸும் வேண்டும் என்றால் வழிகள் இரண்டு. இருக்கிற டிரைவைச் சுருக்கி லினக்ஸுக்கு இடம் ஒதுக்கலாம். இல்லையென்றால் இன்னொரு எஸ்எஸ்டி போட்டு, அதை முழுதாக லினக்ஸுக்கே கொடுத்துவிடலாம். இரண்டாவது டிரைவுக்கு இடமிருந்தால் அந்த வழியில் போவதுதான் நல்லது. ஆனால் டிரைவ் இரண்டு இருப்பதாலேயே இயங்குதளங்கள் பிரிந்துவிடாது. அவற்றைப் பிரிப்பது நிறுவும் விதம்தான்.

ஒரே டிரைவ் முறையில் முதல் தொல்லை சுருக்கும்போதே வரும். சி டிரைவில் பாதிக்கு மேல் காலியாக இருந்தாலும், கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று விண்டோஸ் சொல்வதுண்டு. பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல் போன்ற நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதே காரணம். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுபடி முயன்றால் பெரும்பாலும் சரியாகும். அடுத்தது பூட் பகுதி, அதாவது கணினி எழும்போது இயங்குதளத்தைத் தொடங்கும் கோப்புகள் இருக்கும் இடம். இஎஃப்ஐ பகுதி எனப்படும் இதை விண்டோஸ் வழக்கமாக 100 எம்பி அளவில் உருவாக்கும்; இரண்டு இயங்குதளங்களும் அதைப் பங்கு போட வேண்டும். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற பூட்லோடர் மட்டும் என்றால் அது போதும். லினக்ஸின் மையமான கெர்னலையும் அங்கேயே வைக்கும் லினக்ஸ் வகை என்றால் சீக்கிரம் நிரம்பிவிடும். டிரைவ் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆனாலும், ஒரே ஒரு எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்) உள்ள லேப்டாப்பில் இதைத் தாராளமாகச் செய்யலாம். முழு பேக்கப் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள், அது போதும்.

சரி, தனி டிரைவுக்கு வருவோம். கவனமாக இருக்க வேண்டிய இடம் இங்கேதான். கணினியில் ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பகுதி இருந்தால், விண்டோஸ் இன்ஸ்டாலர் தன் பூட்லோடரை அதிலேயே போட்டுவிடும், அது வேறு டிரைவில் இருந்தாலும். உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலரிலும் இந்தக் குறை இருந்தது. கிரப்பை இரண்டாவது டிரைவில் போடு என்று தேர்ந்தெடுத்தாலும், அது முதல் டிரைவின் இஎஃப்ஐ பகுதிக்கே போகும். எல்லாம் ஒழுங்காக ஓடுவதால் யாருக்கும் தெரியாது. ஒருநாள் முதல் டிரைவைக் கழற்றினால், இரண்டாவது டிரைவில் லினக்ஸ் முழுதாக இருந்தும் அது எழாது.

இதைத் தவிர்க்க எளிய வழி, ஒன்றை நிறுவும்போது மற்ற டிரைவைக் கழற்றி வைப்பது. சாட்டா டிரைவ் என்றால் கேபிளை உருவினால் போதும். மதர்போர்டிலேயே செருகும் என்விஎம்இ டிரைவ் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தால் கஷ்டம்தான். சில மதர்போர்டுகளில் அவற்றின் அமைப்புத் திரையான பயாஸிலேயே அந்த ஸ்லாட்டை அணைத்து வைக்கலாம். முடிந்த பிறகு லினக்ஸில் டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு டிரைவிலும் ஃபேட்32 வடிவத்தில் ஒரு சின்ன இஎஃப்ஐ பகுதி தனியாக இருக்க வேண்டும். ஒரு டிரைவில்தான் இருக்கிறது என்றால், பிரிவு பெயரளவில்தான்.

அப்புறம், எந்த மெனுவில் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது? கிரப் மெனு பார்க்க வசதி. ஆனால் 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. அதனால் விண்டோஸ் பட்டியலில் வராமல் போகலாம். டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருந்தால், கிரப் வழியாக விண்டோஸுக்குள் போகும்போது ரெகவரி கீ கேட்கவும் வாய்ப்புண்டு. மதர்போர்டின் பூட் மெனுவில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. எஃப்12, எஃப்11, எஃப்8, எஸ்கேப் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பட்டன் மாறும், அவ்வளவுதான். தினமும் பயன்படுத்துவதை பூட் வரிசையில் முதலில் வைத்துவிட்டு, மற்றது வேண்டும்போது மட்டும் பட்டனைத் தட்டுங்கள். என் தேர்வு இதுதான்.

தனி டிரைவ் போட்டாலும் தீராத விஷயங்கள் உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, நம்பகமான பூட்லோடர்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் போட்டிருந்த பல கணினிகளில் பழைய பூட்லோடர் கொண்ட லினக்ஸ் எழ மறுத்தது. பழைய பூட்லோடர்களைத் தடுக்க அந்த அப்டேட் கொண்டுவந்த தடைப்பட்டியல் மதர்போர்டின் நினைவகத்தில் எழுதப்படுவதால், லினக்ஸ் எந்த டிரைவில் இருந்தாலும் தப்பவில்லை. கடிகாரமும் அப்படித்தான். மதர்போர்டு நேரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். ஏதாவது ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டால் குழப்பம் தீரும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் டிரைவ் முழுதாக மூடப்படாது. லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும்.

யூஎஸ்பி எஸ்எஸ்டியில் லினக்ஸ் வைப்பது சோதித்துப் பார்க்க நல்லது. தினசரி வேலைக்கு, கேபிள் லேசாக அசைந்தாலே முழு இயங்குதளமும் நின்றுவிடும் என்பது பெரிய குறை. அவ்வப்போது ஒரு செயலி மட்டும் போதும் என்பவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினே போதும்.

லினக்ஸ் இனி வேண்டாம் என்று முடிவு செய்யும் நாளில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒரே டிரைவ் என்றால் பார்ட்டிஷன்களை அழிக்க வேண்டும், பங்கு போட்ட இஎஃப்ஐ பகுதியில் கிரப் கோப்புகளைத் தேடி நீக்க வேண்டும். காலியான இடம் சி டிரைவை ஒட்டி இல்லையென்றால் விண்டோஸின் சொந்தக் கருவியால் அதைச் சேர்க்கவும் முடியாது. தனி டிரைவ் என்றால் அதை ஃபார்மட் செய்துவிட்டு, பூட் வரிசையில் விண்டோஸை முதலில் வைத்தால் போதும்.