ஜிஎக்ஸ் 200 இஞ்சினில் பவர் ஏற்ற மூன்று வழிகள்: எதில் கை வைப்பது?

வீட்டுப் பட்டறையில் பிரித்துப் பூட்ட ஹோண்டா ஜிஎக்ஸ் 200 அளவுக்குத் தோதான இஞ்சின் கிடைப்பது அரிது. 68 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 54 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 196 சிசி, 3600 ஆர்பிஎம்மில் 5.5 ஹெச்பி. கோ-கார்ட் எனும் சிறு பந்தய வண்டிக்கு இது பற்றாதபோது மூன்று வழிகள் உண்டு: காற்றோட்டத்தையும் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் கலவை நசுங்கும் அளவு) கூட்டலாம், வேகம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் கவர்னரை எடுத்துவிட்டு ஆர்பிஎம்மை ஏற்றலாம், அல்லது இஞ்சினையே மாற்றலாம். செலவில்லை என்பதால் பலர் கவர்னரில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அது தலைகீழான வரிசை.

முதல் வழியில் ஏர் ஃபில்டர், சைலன்சர், மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஜெட்டை மட்டும் விட்டுவிட்டால் உள்ளே வரும் கூடுதல் காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் ஹெட் சூடேறும். ஜெட் துளையை 0.05 மி.மீ. வீதம் ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் லோடு கொடுத்து ஃபுல் திராட்டிலில் ஓட்டி, அதே நிலையில் சுவிட்சை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம். இளம் காபி நிறம் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

கம்ப்ரஷனுக்கு, சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டை மெல்லியதாக மாற்றினால் போதும். அசல் கம்ப்ரஷன் விகிதம் 8.5:1 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே இருக்கும் இடம் சுமார் 26 சிசி. கேஸ்கெட் 0.5 மி.மீ. மெலிந்தால் அதில் 1.8 சிசி குறைந்து 9:1 ஆகிவிடும். பிஸ்டன் ஹெட்டில் இடிக்காது என்று உறுதி செய்ய, பிஸ்டன் தலையில் சால்டர் கம்பித் துண்டை கிரீஸால் ஒட்டி, ஹெட் போல்டுகளை 24 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய கம்பியின் கனம் 0.8 மி.மீ.க்குக் கீழே போனால் பழைய கேஸ்கெட்டையே போடுங்கள்.

இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஹெட் கீழே இறங்குகிறது, வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ்ராடின் நீளமோ மாறுவதில்லை. அதனால் வால்வு கிளியரன்ஸ் (வால்வு மூடியிருக்கும்போது விடவேண்டிய இடைவெளி) அடைந்துபோய், வால்வு முழுதாக மூடாமல் கருகும். இஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜ் வைத்து இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. என்று மறுபடி செட் செய்யுங்கள்.

கவர்னரை எடுப்பது பெயருக்குத்தான் இலவசம். 3600இலிருந்து 5400 ஆர்பிஎம்முக்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, ஆனால் பிஸ்டனைக் கிரான்க்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடும், கிரான்க்கின் முனையில் சுழலும் கனமான சக்கரமான ப்ளைவீலும் தாங்கவேண்டிய விசை இரண்டேகால் மடங்கு. அசல் ப்ளைவீல் வார்ப்பிரும்பு. அது வெடித்தால் மேலிருக்கும் தகரக் கவரால் தடுக்க முடியாது. துண்டுகள் ஆள்மேல் பாயும். ராடு உடைந்தால் கிரான்க்கேஸே போய்விடும். ஆகவே, முழு உலோகக் கட்டியில் கடைந்தெடுத்த ப்ளைவீல், அதேபோன்ற ராடு, கடினமான வால்வு ஸ்பிரிங் ஆகியவற்றை வாங்கிவைத்த பிறகே சைடு கவரைத் திறவுங்கள். உள்ளே இருக்கும் கவர்னர் கியரை எடுத்ததும், கவர்னர் ஆர்ம் வெளியே வரும் துளையை அடைக்க மறக்காதீர்கள், ஆயில் கசியும். இந்த இஞ்சின் கொள்ளும் ஆயிலே 0.6 லிட்டர்தான்; கொஞ்சம் கசிந்தாலும் ராடு பிடித்துக்கொள்ளும். எடை குறைந்த ப்ளைவீலால் பிக்-அப் கூடும், ஐடிலிங் கரடுமுரடாகும். ஜெனரேட்டர் இஞ்சினில் இந்த வேலையே வேண்டாம். 50 ஹெர்ட்ஸுக்கு 3000 ஆர்பிஎம் நிலையாக நிற்க வேண்டும்.

மூன்றாவது வழி ஜிஎக்ஸ் 390. 389 சிசி, அதே 3600 ஆர்பிஎம்மில் 11.7 ஹெச்பி, எதையும் பிரிக்க வேண்டியதில்லை. எடை 16 கிலோவிலிருந்து 31 கிலோவுக்கு மேல் ஏறும், ஷாஃப்ட்டும் பெரிது, கிளட்ச்சையும் மவுண்டையும் மாற்றியாக வேண்டும். வெறும் பவர்தான் தேவை என்றால் இதையே எடுங்கள். ராடு, ப்ளைவீல், ஸ்பிரிங் எல்லாம் வாங்கி 200ஐ விரட்டுவதைவிட இது நெடுநாள் உழைக்கும். இஞ்சினைப் பிரித்து அதன் சூட்சுமத்தைக் கற்க ஆசையிருந்தால் முதல் வழியில் தொடங்குங்கள். அதில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் கேஸ்கெட்டோ வால்வோதான் போகும், கால் போகாது.